களத்துப் புல்தரையும் கணவாய்க் காற்றும்

பங்குனி பாதி கடந்துவிட்டது. எங்கள் வீட்டு முன்புறத்துப் புல்தரை முழுவதும் வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. செருப்பில்லாமல் நடந்தால் பாதத்தின் கீழே அப்பளம் நொறுங்குவதுபோல ஓசை கேட்கிறது. சென்ற வாரம் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த மாமா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, “ஏனுங் மாப்பிள்ளை, இத்தனை ஆசையா வளர்த்துப்போட்டு இப்படிக் காய உட்டுட்டீங்களே, கெணத்துல தண்ணியில்லீங்களா?” என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. புல்லும் சாகவில்லை. தெரிந்தேதான் அதைக் காயவிட்டிருக்கிறேன் என்று சொன்னபோது அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை; அதற்குள் சாப்பாட்டு நேரமும் ஆகிவிட்டது. அன்று அவரிடம் முழுமையாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் மனத்தில் எழும் ஈரமும் பச்சையும் இங்கே பாதி ஆண்டுக்குத்தான் உண்டு. இது பனைமரமும் கரிசலும் நிலக்கடலையும் உள்ள பூமி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விலகி நிற்கும் கணவாயின் கிழக்கு வாயில் நாங்கள் குடியிருக்கிறோம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து காற்று இந்த வாய்வழியே பாய்ந்து கிழக்கே போகிறது. கார்த்திகைக்குப் பிறகு அது திசை மாறி, தமிழ்நாட்டுச் சமவெளியின் வறண்ட காற்றாக மேற்கே ஓடுகிறது. மலையாளத்து அண்டை வீட்டார் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். எங்கள் பக்கத்துப் புல்லின் பருவங்களை இந்தக் காற்றும் அதனோடு வரும் அல்லது வராமல் போகும் மழையும் தீர்மானிக்கின்றன. குளிருக்கு இதில் பங்கே இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

புல்தரை இருக்கும் இடம் முன்பு களமாக இருந்தது. அப்பா காலத்தில் நெல்லும் கடலையும் காய்ந்த தரை. ஒவ்வோர் அறுவடைக்கும் முன்னால் தண்ணீர் தெளித்து, திம்சு போட்டு இடித்து, சாணம் மெழுகி, மாடு கட்டிப் போரடித்த தரை. நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு களம் வெறுமனே கிடந்து, காற்றுக்காலத்தில் வீட்டுக்குள் புழுதியைக் கொண்டுவந்து கொட்டியது. அந்தப் புழுதியை நிறுத்தவே 2016ஆம் ஆண்டு வைகாசி முடிவில் அங்கே புல் நட்டேன். ‘பெர்முடா’ என்று நர்சரியில் விலை போட்டு விற்பது நம் வரப்பில் கிடக்கும் அருகம்புல்லின் உறவுதான். அதில் இலை மிக நுண்ணியதாக இருக்கும் வகைகள் அருகோடு ஆப்பிரிக்க இனமொன்றைக் கலந்து உருவாக்கியவை. அவை முளைக்கும் விதை தருவதில்லை என்பதால் தண்டைத் துண்டாக்கித்தான் நட வேண்டும். நான் பாதி இடத்தில் அந்தக் கலப்பு வகையையும் பாதி இடத்தில் வரப்பிலிருந்து கொண்டுவந்த அருகையும் நட்டேன். ஆவணிக்குள் இரண்டும் தரையை மூடிவிட்டன. இத்தனை எளிதா என்று அன்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சொல்வதற்குமுன், இந்தப் புல்லின் இயல்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உலகத்துப் புல்தரைப் புற்களைக் குளிர்காலப் புல் என்றும் வெப்பகாலப் புல் என்றும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். குளிர்காலப் புல் 15 முதல் 24 டிகிரி வரையிலான வெப்பத்தில் நன்றாக வளரும். வெப்பகாலப் புல்லுக்கு 27 முதல் 35 டிகிரி வேண்டும். அருகம்புல்லும், கடைகளில் கொரியன் புல், மெக்சிகன் புல் என்று பெயர் பெற்றிருக்கும் சோய்சியா இனமும், நிழலைச் சற்றுத் தாங்கும் எருமைப்புல்லும் வெப்பகாலத்தவை. சோளமும் கரும்பும் வெயிலிலிருந்து உணவு சமைக்கும் முறைதான் இவற்றுக்கும்; நெல்லின் முறை வேறு. அதனால்தான் நெல்லைவிடக் குறைந்த நீரில் சோளம் நிற்பதுபோல, இந்தப் புற்கள் கடும் வெயிலிலும் குறைந்த நீரில் உழைக்கின்றன. குளிர்நாடுகளில் மண் குளிர்ந்து 10 டிகிரியை நெருங்கும்போது இவை பழுப்பாகி உறங்கிவிடும், வசந்தத்தில் விழிக்கும். அங்கே எழுதப்படும் பராமரிப்பு அட்டவணைகள் எல்லாம் இந்தக் குளிர் உறக்கத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன: மார்ச்சில் ஒட்ட வெட்டு, ஏப்ரலில் உரம் போடு, கோடை முழுவதும் நீர் பாய்ச்சு, அக்டோபரில் நிறுத்து.

முதல் இரண்டு ஆண்டுகள் அத்தகைய ஓர் அட்டவணையை அச்செடுத்து, சுவரில் ஒட்டி, அதன்படியே நடந்தேன். எங்கள் ஊரில் மார்ச் என்பது மாசியும் பங்குனியும். மண்ணில் ஈரமே இருக்காது. அப்போது ஒட்ட வெட்டி, யூரியா தூவி, தினமும் மாலையில் குழாய் பிடித்தேன். புல் நுனி கருகியது. எங்கே அதிகம் தண்ணீர் பட்டதோ அங்கே கோரை எழும்பியது. அக்டோபரில், ஐப்பசி மழை பெய்து புல் முழு வேகத்தில் வளரும்போது, அட்டவணை நிறுத்தச் சொன்னதால் நிறுத்தினேன். ஊட்டம் தேடிய நேரத்தில் பட்டினியும் உறங்க விரும்பிய நேரத்தில் விருந்துமாக அந்த இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

என்னைத் திருத்தியவர் எங்கள் தெருவில் ஆடு வளர்க்கும் ஒரு பாட்டி. 2018 தையில், புல்தரை பழுப்பேறத் தொடங்கியதைக் கண்டு நான் பதறிக் குழாயோடு நின்றபோது, வேலியோரம் நின்ற அவர், “கண்ணு, புல்லு சாவலை, ஒறங்குது. கணுவைக் கிள்ளிப் பாரு” என்றார். மண்ணை ஒட்டிக் கிடந்த தண்டொன்றைக் கிள்ளிப் பார்த்தேன். வெளியே வைக்கோல், கணுவின் உள்ளே ஈரமும் வெண்பச்சையும். பிறகு ஓரத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்த்தபோது, மண்ணுக்குள் ஓடும் கிழங்குபோன்ற தண்டுகள் வெள்ளையாக, உறுதியாக இருந்தன. ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று கல்யாண வீடுகளில் பெரியவர்கள் வாழ்த்துவதைக் கேட்டே வளர்ந்தவன் நான். அந்த வேரோட்டத்தைக் கையால் தொட்டுப் பார்த்தது அன்றுதான். அந்தச் சோதனையை இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் செய்கிறேன். கணு உள்ளே பழுப்பாக, உலர்ந்து, கிள்ளியதும் முறிந்தால் அந்த இடம் செத்துவிட்டது. வெண்பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. நிறத்தை வைத்து முடிவுசெய்யாமல் கணுவை வைத்து முடிவுசெய்ய வேண்டும்.

அந்த ஆண்டுதான் இன்னொன்றையும் கவனித்தேன். புல் பழுப்பாவது பங்குனி வெயிலில் தொடங்குவதில்லை. மார்கழியிலேயே, காலையில் போர்வை தேவைப்படும் நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது. இரவில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலும் அது இந்தப் புல்லை உறங்க வைக்கும் குளிர் இல்லை. கணவாய் வழியே இடைவிடாமல் வீசும் வறண்ட காற்றுதான் இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. தோய்த்துப் போட்ட வேட்டி மார்கழிக் காற்றில் அரைமணி நேரத்தில் உலர்வதைப் பார்க்கும் எவருக்கும் இது புரியும். எனவே வெயில் காலத்துக்கான ஆயத்தத்தைக் காற்று திரும்புவதற்கு முன்பே, கார்த்திகைக்குள் முடித்துவிட வேண்டும். மாசியில் விழித்துக்கொண்டு செய்யும் எதுவும் பயன்படாது.

2023ஆம் ஆண்டு எனக்கு இதைத் தலைகீழாகவும் காட்டியது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் பெரிதும் பொய்த்தது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1901க்குப் பிறகு அத்தனை வறண்ட ஆகஸ்ட் வந்ததில்லை என்று வானிலைத் துறை அறிவித்தது. ஆடி மாதத்தில், பச்சையாக இருக்க வேண்டிய எங்கள் புல்தரை, பங்குனிபோலவே பழுத்துக் கிடந்தது. நாள்காட்டியில் ஆடி என்றிருந்தாலும் புல்லுக்கு அது பங்குனிதான். அன்று முதல் மாதத்தைப் பார்த்து வேலை செய்வதை விட்டுவிட்டு, மண்ணைக் குத்திப் பார்த்து வேலை செய்கிறேன். ஒரு நீண்ட திருப்புளியை மண்ணில் அழுத்தினால் விரல் நீளம் எளிதாக இறங்குகிறதா என்பதே என் அளவுகோல்.

தண்ணீர்க் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மாமாவின் கேள்வி அதைப் பற்றியதுதான். வெயில் காலத்தில் இந்தப் புல்லைப் பச்சையாகவே வைத்திருக்க வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் அளவு நீர் தேவை. ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர் என்பதால், சென்ட்டுக்கு வாரம் 1,000 லிட்டர். எங்கள் மூன்று சென்ட்டுக்கு வாரம் 3,000 லிட்டர். தை முதல் பங்குனி முடியும்வரை 13 வாரங்களுக்கு 39,000 லிட்டர். உறங்கும் புல்லின் கணுக்கள் காய்ந்துபோகாமல் காப்பதற்கோ மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 மில்லிமீட்டர் போதும்: எங்கள் தரைக்கு ஒரு தடவைக்கு 1,500 லிட்டர், பருவம் முழுவதற்கும் 6,000 லிட்டர். மிச்சமாகும் 33,000 லிட்டர் கிணற்றிலேயே இருக்கிறது. இந்த வட்டத்தில் ஒருவர் கிணறு வற்றினால் பக்கத்து வீட்டுக் கிணறும் தாழும். ஆளியாற்றிலிருந்து கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் தர வேண்டும் என்று இரு மாநிலங்களும் 1970இல் ஒப்பந்தம் செய்தன. அந்த நீர் சித்தூர்ப் பாசனத்துக்குத் திருப்பிவிடப்படும் மூலத்தறை அணைக்கட்டுக்கு எப்போது வருமென்று காத்திருக்கும் நெல்வயல்கள் எங்கள் ஊரைச் சுற்றி இருக்கின்றன. நிலத்தடி நீருக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிளாச்சிமடையும் எங்கள் வட்டத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில், தானாகவே உறங்கத் தெரிந்த புல்லை வலுக்கட்டாயமாக விழிக்க வைப்பதற்காகக் கிணற்றை இறைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

விடும் தண்ணீரையும் ஒரே நாளில், விடியற்காலையில், ஊறும்படி விட வேண்டும். தினமும் மாலையில் சிறிது சிறிதாகத் தெளித்தால் மேல் இரண்டு அங்குலம் மட்டும் நனைந்து, வேர் மேலேயே நின்றுவிடும். மேலும் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புத் தன்மை உள்ளது. கரிசல் கலந்த மண்ணில் அதைத் தெளித்துத் தெளித்து விட்ட முதல் இரண்டு ஆண்டுகளில் தரையில் வெள்ளையாக உப்புப் பூத்தது. இப்போது திறந்த கிணற்று நீரைத்தான் புல்லுக்குப் பயன்படுத்துகிறேன். இன்னொரு விதியும் உண்டு: உறங்கவிட்டால் உறங்கவிட வேண்டும். மாசியில் விருந்தாளி வருகிறார் என்பதற்காக ஒரு வாரம் பாய்ச்சி விழிக்கவைத்து, பிறகு நிறுத்துவது, சேமித்து வைத்த மாவுச்சத்தை வீணாகச் செலவழிக்கச் செய்யும். அப்படி இரண்டு முறை செய்தால் கணுவில் ஒன்றும் மிச்சமிருக்காது. உறங்கும் காலத்தில் அதன்மேல் வண்டி நிறுத்துவதும், ஒரே தடத்தில் நடப்பதும் கூடாது. அப்போது பட்ட காயத்தை ஆற்றிக்கொள்ள அதற்குச் சக்தி கிடையாது.

2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை அறிவிக்கப்பட்ட நாட்களில் நான் உண்மையிலேயே அஞ்சினேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கை இரண்டு வாரமாகக் குறைத்துக்கொண்டேன். கலப்பு வகை நட்ட பகுதியில், சிமென்ட் நடைபாதையை ஒட்டிய ஒரு முழ அகலம் மட்டும் போய்விட்டது. வரப்பு அருகு நட்ட பகுதியில் ஒரு சாண்கூடப் போகவில்லை. பார்வைக்குக் கலப்பு வகைதான் அழகு. ஆனால் இன்று யாராவது எங்கள் பக்கத்தில் புதிதாக நடப்போவதாகக் கேட்டால், வரப்பு அருகையே நடச் சொல்வேன்.

முதல் கோடை மழை சித்திரையில் வந்ததும் புல் விழிக்கும். மழை பெய்து பத்துப் பன்னிரண்டு நாளில் தரையில் பாதி பச்சையாகும்போது ஒருமுறை, ஒருமுறை மட்டும், வழக்கத்தைவிட ஒட்ட வெட்டி, காய்ந்த பழைய இலையை வாரி எடுத்துவிட வேண்டும். வெயில் தண்டில் பட்டுப் புதுத் துளிர் அடர்ந்து வரும். அதே ஈரத்தில்தான் தரையைக் குத்துவதும். எங்கள் தரை களமாக இருந்தது என்று சொன்னேன் அல்லவா? புல்லுக்கு அதுவே பெரிய சோதனையாக இருந்தது. ஐம்பது ஆண்டு இடித்த மண் செங்கல்லைப்போல இறுகிக் கிடந்தது. ஆடி மழையில் மேலே தண்ணீர் நின்றது. நின்ற இடத்தில் பாசி பிடித்தது. வேரோ இரண்டு விரற்கடைக்குக் கீழே போகவில்லை. நட்ட ஆண்டில் உழுதுவிட்டு நட்டிருக்க வேண்டும்; அப்போது அது தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் நான்கு பல் கொண்ட தோட்டத்து ஃபோர்க்கை நான்கு விரற்கடை ஆழத்துக்கு, ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் இறக்கி, சற்றே ஆட்டி எடுத்தேன். மூன்று சென்ட்டைக் குத்தி முடிக்க, காலை நேரத்தில் மட்டும் வேலை செய்தால், ஐந்து நாள் ஆகும். குத்திய துளைகள் மூடிக்கொள்ளாமல் இருக்க, சலித்த மணலும் நன்றாக மக்கிய எருவும் சமமாகக் கலந்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குமேல் போகாமல் தூவி, தென்னை விளக்குமாற்றால் தேய்த்து இறக்க வேண்டும். இந்தக் கனத்துக்குச் சென்ட்டுக்கு 200 லிட்டர் கலவை பிடிக்கும். ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் எம்-சாண்டைப் பயன்படுத்துகிறவர்கள், அதைக் கழுவி, மாவுபோன்ற தூளைப் போக்கிவிட்டுப் போட வேண்டும். அந்தத் தூள் துளைகளை அடைத்துச் சிமென்ட்போல இறுகிக்கொள்ளும். நான்காவது சித்திரையில் ஃபோர்க் கால் மிதிக்காமலே இறங்கியது. அந்த ஆடியில் தண்ணீர் தேங்கவில்லை.

எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும் என்பதை நான் அனுபவித்துக் கற்றேன். பாதி மக்கிய சாணத்தைத் தூவிய ஆண்டில் வேர்ப்புழு வந்தது. கோடை மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளிவரும் வண்டுகள் இரவில் வேம்பு, முருங்கை மரங்களில் கூடி இலையைத் தின்றுவிட்டு, மண்ணில் முட்டையிடுகின்றன; மக்காத எரு அவற்றை ஈர்க்கிறது. அந்த முட்டையிலிருந்து வரும் வெள்ளைப் புழு ஆடி முதல் ஐப்பசிவரை வேரைத் தின்னும். நல்ல மழையிலும் புல் வாடினால், மைனாக்கள் ஒரே இடத்தைக் கொத்திக்கொண்டே இருந்தால், அங்கே புல்லைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். வேரற்ற புல் பாய்போலச் சுருண்டு வரும். வண்டு வரும் நாட்களில் இரவு எட்டு மணிக்கு வேப்பமரத்தைக் குலுக்கி, விழும் வண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் போட்டேன். தரையில் வேப்பம்புண்ணாக்குத் தூள் தூவினேன். இரண்டு ஆண்டில் குறைந்தது. எருக்குழியில் காணும் கட்டைவிரல் பருமனான புழு தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டினுடையது. அது புல்வேரைத் தின்பதில்லை. அதைக் கண்டு புல்லுக்காகப் பயப்பட வேண்டாம், தென்னைக்காகக் கொல்லலாம்.

உரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விழித்து இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, இரு மழைக்காலங்களுக்கும் நடுவில், ஆவணி இறுதி அல்லது புரட்டாசியில் ஒருமுறை, அவ்வளவே தழைச்சத்து. வேப்பெண்ணெய் பூசிய யூரியா சென்ட்டுக்கு 200 கிராம் அல்லது ஃபாக்டம்பாஸ் 500 கிராம் போடுகிறேன். கேரளத்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஃபாக்டம்பாஸில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நூற்றுக்கு 20 வீதம் இருப்பதோடு கந்தகமும் 13 இருப்பதால், கரிசல் கலந்த மண்ணுக்கு எனக்கு அதுவே பிடிக்கும். ஆடியில் எதுவும் போடக் கூடாது. பெய்யும் மழை பாதியைக் கரைத்துக்கொண்டு போய்விடும், மீதி புல்லை இளக்கிப் பூஞ்சணத்துக்கு இரையாக்கும். காற்று திரும்புவதற்கு முன், கார்த்திகை முதல் வாரத்தில், சென்ட்டுக்கு 300 கிராம் பொட்டாஷ் மட்டும். வறட்சியைத் தாங்கச் சாம்பல் சத்து உதவுகிறது. மழைக்காலத்தில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் புல் வெளுத்தால் அது தழைச்சத்துக் குறைவாக இருக்காது. எங்கள் காரமண் இரும்பைக் கொடுக்க மறுப்பதால் வருவது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சில துளி எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் தெளித்தால் நான்கைந்து நாளில் நிறம் திரும்பும். சிமென்ட் தரையில் பட்டால் துருக்கறை போகாது என்பதால் ஓரங்களில் சாக்கு விரித்துக்கொண்டு தெளிக்க வேண்டும்.

வெட்டுவதில் ஒரே ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும்: ஒரு தடவையில் இலையின் மூன்றிலொரு பங்குக்குமேல் வெட்டக் கூடாது. நான் 3 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறேன். எனவே நாலரை சென்டிமீட்டர் ஆனவுடன் வெட்டுகிறேன். ஆனியிலும் ஐப்பசியிலும் இதற்கு வாரம் ஒருமுறை போதாது. ஆடியில் பல நாள் சூரியனே தெரியாதபோது இலைக்கு வெளிச்சம் குறைவதால் ஒரு சென்டிமீட்டர் கூட்டி வெட்டுகிறேன். கார்த்திகையில் 5 சென்டிமீட்டர்வரை விட்டுவிடுகிறேன். அந்தக் கூடுதல் இலை காற்றுக்காலத்தில் மண்ணுக்கு நிழலாகும். தை பிறந்தால் இயந்திரத்தை எண்ணெய் பூசிக் கட்டிவைத்துவிடலாம். வெட்டிய துணுக்குகள் சிறியவையாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும். புல்லுக்கு ஓராண்டில் வேண்டிய தழைச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கை அவையே திருப்பித் தரும். கத்தியை ஆண்டுக்கு இரண்டு முறையாவது சாணை பிடிக்க வேண்டும். மழுங்கிய கத்தி இலையை அறுக்காமல் கிழிப்பதால், வெட்டிய மறுநாள் தரை முழுவதும் நுனி வெளுத்துத் தெரியும். காடு வெட்டும் மெஷினைப் புல்தரையில் விடுகிறார்கள். அது ஓரிடத்தில் தண்டுவரை வழித்துவிடும், ஓரிடத்தில் தொடவே தொடாது. வேண்டாம்.

களை என்றால் எங்களுக்குக் கோரைதான். பிடுங்கினால் மேலே உள்ளது வரும், கிழங்குச் சங்கிலி அறுந்து கீழேயே நின்று இரண்டாக முளைக்கும். மழை ஈரத்தில் ஒல்லியான குத்துக்கம்பியால் கிழங்கோடு அகழ்ந்து எடுக்கிறேன். ஐந்தாவது இலை வருவதற்குள் எடுத்தால் புதுக் கிழங்கு வைப்பதற்குமுன் எடுத்ததாகும். அருகைக் கெடுக்காமல் கோரையை மட்டும் கொல்லும் ஹாலோசல்ஃப்யூரான் போன்ற மருந்துகள் கரும்புக்காக விற்கப்படுகின்றன. கிளைபோசேட்டைக் கேரள அரசு 2019இல் தடை செய்துவிட்டது. அது அருகையும் சேர்த்தே கொல்லும். நான் எதையும் தெளிப்பதில்லை. காரணம், மலையாளத்தாரின் ஆடியாகிய கர்க்கடகம் பிறந்ததும் அடுத்த வீட்டு மலையாளத்துச் சகோதரி கையில் ஒரு சிறு தட்டோடு வந்து, “சேட்டா, கொறச்சு கருக எடுக்கட்டே?” என்று கேட்பார். மலையாளத்தார் புனிதமாகக் கொள்ளும் பத்துச் செடிகளான தசபுஷ்பத்தில் ஒன்றாகிய கருக நம் அருகேதான். அந்தப் பத்தில் இன்னொன்றான முக்குற்றியும் எங்கள் புல்லுக்கிடையே ஓரத்தில் முளைக்கும்; அதையும் அவருக்காகப் பிடுங்காமல் வைத்திருக்கிறேன். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் அதே தரையிலிருந்துதான் அருகு போகிறது. பாட்டியின் ஆட்டுக்குட்டி நோயுற்றால் அவர் கேட்பதும் ஒரு பிடி அருகு. இத்தனை கைகள் பறிக்கும் புல்லின்மேல் நஞ்சு தெளிக்க இயலாது.

மாமரத்தடியில் மட்டும் எட்டு ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். அருகுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர் வெயில் வேண்டும். அங்கே மூன்று மணி நேரம்கூட விழுவதில்லை. கிளை கழித்துப் பார்த்தேன், உயர வெட்டிப் பார்த்தேன், மூன்று முறை மறுநடவு செய்தேன். ஒவ்வோர் ஐப்பசியிலும் நூலாக நீண்டு, மார்கழியில் மறைந்துவிடுகிறது. இந்த வைகாசியில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை நின்று பெய்யத் தொடங்கியதும் அந்த இடத்தில் எருமைப்புல் நடுவதென்று முடிவு செய்து, நர்சரியில் நான்கு கட்டுத் தண்டு சொல்லிவைத்திருக்கிறேன். அதன் இலை அகலம், நிறமும் சற்று வெளிர்; அருகோடு சேருமிடத்தில் கோடுபோலத் தெரியும் என்று வீட்டில் சொல்கிறார்கள். தெரியட்டும். அதற்குமுன் இன்னும் ஒரு தண்ணீர் பாக்கியிருக்கிறது: வரும் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் 1,500 லிட்டர். மாமாவை அன்று வரச் சொல்லியிருக்கிறேன். கணுவைக் கிள்ளிக் காட்டுவதற்காக.